புற்றுநோய் மருத்துவ ஆய்வுகளும் நமது பொறுப்பும்

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானோர் ஏறத்தாழ 14 லட்சத்து 61 ஆயிரம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நோய்ப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடு தெரிவிக்கிறது. ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் நிலத்தையும் நகையையும் ஒரே ஆண்டில் கரைத்துவிடக்கூடிய நோய் இது. எந்தச் சிகிச்சை பயன் தரும், எந்தப் பரிசோதனை உயிரைக் காக்கும், எதற்குச் செய்யும் செலவு வீண் என்ற கேள்விகளுக்கு விடை காண்பது மருத்துவர்களின் தனிக் கவலையாக மட்டும் இருக்க முடியாது. பொதுப்பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகமும் அந்த விடையைச் சார்ந்தே இயங்குகிறது. இவ்விடைகளைத் தரும் முறையே மருத்துவ ஆய்வு எனப்படுவது. அது எவ்வாறு நடைபெறுகிறது, நம் நாட்டில் அதனால் விளைந்த பயன் என்ன, அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஆய்வின் படிகள்

ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்தும் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு புதிய மருந்து, மனிதருக்கு அளிக்கப்படும்போது நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதற்கட்டத்தில் மிகச் சிலருக்கு மட்டும் மருந்து கொடுக்கப்பட்டு, எவ்வளவு அளவு வரை உடல் தாங்கும் என்பது அறியப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் நோய் தணிகிறதா என்று பார்க்கப்படுகிறது. மூன்றாம் கட்டமே தீர்ப்பளிக்கும் கட்டம். இதில் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்குப் புதிய சிகிச்சையும் மறு பிரிவினருக்கு வழக்கிலுள்ள சிகிச்சையும் தரப்படுகின்றன. நான்காம் கட்டம், மருந்து விற்பனைக்கு வந்தபின் அதன் நெடுங்கால விளைவுகளைக் கண்காணிப்பதாகும்.

மூன்றாம் கட்டத்தில் யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்வதில்லை. குலுக்கல் முறையில் அது தீர்மானிக்கப்படுகிறது. மருத்துவரிடம் விட்டுவிட்டால், உடல் வலுவுள்ளவர்களைப் புதிய சிகிச்சைக்கும் நலிந்தவர்களைப் பழைய சிகிச்சைக்கும் அவர் தம்மையறியாமலேயே அனுப்பிவிடக்கூடும். பின்னர் தெரியும் வேறுபாடு மருந்தினால் வந்ததா, உடல் வலுவினால் வந்ததா என்பது விளங்காது. குலுக்கல் இந்த ஐயத்தை நீக்குகிறது.

இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இவ்வாறு இரு பிரிவினராகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருத்துவ விடுதியிலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டுச் சிகிச்சை குறைந்ததன்று என்ற முடிவு 1959இல் வெளியானது. அதன் பின்னர் உலகெங்கும் காசநோய் விடுதிகளின் தேவை குறைந்தது. ஏழை நாடொன்று தனக்கேற்ற கேள்வியைத் தானே எழுப்பி விடை கண்டால், அவ்விடை மற்றவர்க்கும் உதவும் என்பதற்கு இது முற்காலச் சான்று.

கண்டறியும் முறைகளைச் சோதிப்பதில் உள்ள சிக்கல்

ஒரு மருந்தைச் சோதிப்பதைக் காட்டிலும், நோயை முன்கூட்டியே கண்டறியும் ஒரு முறையைச் சோதிப்பது கடினம். நோயை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நன்மை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து எப்போதும் சரியாக இருப்பதில்லை. 2010ஆம் ஆண்டில் ஒரு குறிப்பிட்ட புற்றுநோயால் இறக்கவிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 2006இல் நோய் தெரியவந்தால், நோயறிந்தபின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார் என்று கணக்கிடுவோம். புதிய பரிசோதனையால் 2002இலேயே தெரியவந்தால் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்போம். ஆனால் அவர் இறந்தது இரு கணக்கிலும் அதே 2010ஆம் ஆண்டில்தான். ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளி என்ற பெயருடன் வாழ்ந்த காலம் மட்டுமே கூடியது.

எனவே, ஒரு பரிசோதனை உண்மையில் பயனுள்ளதா என்பதை அறிய, நோயறிந்தபின் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணுவது போதாது. பரிசோதிக்கப்பட்ட மக்கள் தொகுதி முழுவதிலும் அந்நோயால் இறந்தவர் எத்தனை பேர், பரிசோதிக்கப்படாத தொகுதியில் எத்தனை பேர் என்று ஒப்பிட வேண்டும். இதற்குப் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தாக வேண்டும்.

மும்பை ஆய்வு

இத்தகைய ஆய்வொன்று மும்பையில் நடைபெற்றது. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்னரே கண்டறியப் பணக்கார நாடுகள் பாப் சோதனை என்ற முறையைக் கையாண்டு வந்தன. இதற்கு ஆய்வுக்கூடமும், நுண்ணோக்கியின் கீழ் செல்களைப் படித்தறியும் பயிற்சி பெற்ற வல்லுநர்களும் தேவை. பலமுறை திரும்பத் திரும்பச் சோதனை செய்யும் ஏற்பாடும் வேண்டும். நம் மாவட்டங்கள் பெரும்பாலானவற்றில் இவை அமையவில்லை. மாற்றாக ஓர் எளிய முறை முன்வைக்கப்பட்டது. சமையலில் பயன்படும் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், மாறுபட்ட திசு சிறிது நேரத்தில் வெண்மையாகத் தெரியும். நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே இதை அறியலாம். முடிவும் அப்போதே கிடைத்துவிடுகிறது.

டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், மும்பைக் குடிசைப் பகுதிகள் இருபது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, குலுக்கல் முறையில் பத்துத் தொகுதிகள் பரிசோதனைக்கும் பத்துத் தொகுதிகள் ஒப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. 35 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் பரிசோதனைப் பிரிவில் 75,360 பேரும், ஒப்பீட்டுப் பிரிவில் 76,178 பேரும் இருந்தனர். சோதனையைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு வரை படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களே அவர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் சோதனை நடத்தப்பட்டது. ஒப்பீட்டுப் பிரிவினருக்குப் புற்றுநோய் பற்றிய கல்வி மட்டும் அளிக்கப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளின் முடிவு 2013இல் அறிவிக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 31 சதவிகிதம் குறைந்திருந்தது. நாடு முழுவதும் இம்முறையை நடைமுறைப்படுத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 இறப்புகளைத் தவிர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

இதே பெண்களிடம், பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையால் மார்பகத்தைப் பரிசோதிக்கும் முறையும் சோதிக்கப்பட்டது. அதன் முடிவு 2021இல் வெளியானது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் குறைந்த வயதினரிடையே குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. எவருக்குச் செலவிட வேண்டும் என்பதை மட்டுமன்றி, எவருக்குச் செலவிடுவதால் பயன் குறைவு என்பதையும் ஓர் ஆய்வு சொல்லக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இதே காலத்தில் வேறிரு இடங்களிலும் ஆய்வுகள் நடந்தன. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் இதே அமிலச் சோதனையை ஒருமுறை மட்டும் செய்தனர். 2007இல் வெளியான முடிவின்படி அங்கு இறப்பு 35 சதவிகிதம் குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், அதாவது இன்றைய தாராசிவத்தில், 1,31,746 பெண்களிடம் மூன்று வகைச் சோதனைகள் ஒப்பிடப்பட்டன. இந்நோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் உள்ளதா என்று ஒரேயொரு முறை சோதித்ததே அங்கு இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று 2009இல் தெரியவந்தது. அமிலச் சோதனை அங்கு அத்தகைய பயன் தரவில்லை. ஒரே முறை இடத்துக்கிடம் வேறுபட்ட பலன் தருவது, செய்பவரின் பயிற்சியும் கண்காணிப்பும் எவ்வளவு முக்கியம் என்பதை நினைவூட்டுகிறது.

சிகிச்சை முறைகளில் கண்ட முடிவுகள்

புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுந்துள்ள நாடு நம்முடையது. இந்நோய் தொடக்க நிலையில் இருக்கும்போது, கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அப்போதே அகற்றிவிடுவதா, அல்லது அங்கு நோய் பரவியதாகத் தெரிந்தபின் அகற்றுவதா என்ற வாதம் பல ஆண்டுகளாக அறுவை மருத்துவர்களிடையே தீராமல் இருந்தது. 2004இல் டாடா நினைவு மருத்துவமனை இக்கேள்வியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. 2015இல் வெளியான முடிவின்படி, உடனே அகற்றப்பட்டவர்களில் 80 சதவிகிதத்தினரும், காத்திருந்தவர்களில் 67.5 சதவிகிதத்தினரும் மூன்று ஆண்டுகளுக்குப்பின் உயிருடன் இருந்தனர். இடைக்காலக் கணக்கிலேயே வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால், புதிய நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பயன் உறுதியானபின் ஒருவரைக் குறைந்த சிகிச்சையில் வைத்திருப்பது முறையன்று என்பதே அதற்குக் காரணம்.

எதிர்மறை முடிவுகளும் மதிப்புடையவையே. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில், மூலக்கட்டியை அறுத்தெடுத்தால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை நிலவியது. 350 பெண்களைக் கொண்டு இம்மருத்துவமனை நடத்திய ஆய்வு 2015இல் அவ்வாறு ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. பயனில்லாத அறுவையின் வேதனையிலிருந்தும் செலவிலிருந்தும் பிற்காலப் பெண்கள் பலரை இம்முடிவு காத்திருக்கிறது.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சற்று முன்னர், கட்டியைச் சுற்றிலும் லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்தைச் செலுத்தினால் என்ன விளையும் என்பது மற்றோர் ஆய்வு. பல் மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் மலிவான மருந்து இது. நாட்டின் பதினோரு மையங்களில் நடந்து, 2023இல் வெளியான இவ்வாய்வில் ஐந்தாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 86.4 சதவிகிதத்திலிருந்து 90.1 சதவிகிதமாக உயர்ந்தனர்.

நிவோலுமாப் என்பது உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டி நோயை எதிர்க்கச் செய்யும் மிக விலையுயர்ந்த புதிய மருந்து. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் இம்மருந்தைச் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்கு வழக்கமாகத் தரப்படும் அளவில் இது பதினெட்டில் ஒரு பங்கு. இம்மருந்து சேர்க்கப்படாதவர்களில் ஓராண்டு முடிவில் உயிருடன் இருந்தவர் 16.3 சதவிகிதம், சேர்க்கப்பட்டவர்களில் 43.4 சதவிகிதம்.

இந்த இறுதி இரு ஆய்வுகளும் பொருளியல் மாணவர்களின் கவனத்துக்குரியவை. லிடோகெய்னுக்குக் காப்புரிமை இல்லை. அதன் புதிய பயனை நிறுவுவதற்குப் பணம் செலவிடும் நிறுவனத்துக்கு அதனால் இலாபம் வரப்போவதில்லை. தன் மருந்தைப் பதினெட்டில் ஒரு பங்கு கொடுத்தாலும் போதுமா என்று சோதிக்க எந்த உற்பத்தியாளரும் முன்வர மாட்டார். கண்டறிந்த பயனை எல்லோரும் விலையின்றித் துய்க்க, கண்டறியும் செலவை ஒருவரே ஏற்க வேண்டிய நிலையில் சந்தை தவறுகிறது. கலங்கரை விளக்கத்தைப் போல, இவ்வகை அறிவும் ஒரு பொதுப்பண்டம். அணுசக்தித் துறையின் கீழ் 1962 முதல் இயங்கும் டாடா நினைவு மையம் போன்ற பொது நிறுவனங்கள் இவ்வாய்வுகளை மேற்கொண்டதற்கு இதுவே பொருளியல் விளக்கம். 2012இல் அமைந்த தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, பல மாநில மருத்துவமனைகளை இணைத்து இத்தகைய கூட்டாய்வுகளுக்கு வழிவகுத்திருக்கிறது.

ஆய்வுக்கு உட்படுவோரின் பாதுகாப்பு

ஆய்வில் சேரும் நோயாளி, தமக்குப் பயன் கிடைக்கும் என்ற உறுதியில்லாமலேயே சேருகிறார். ஆகவே சட்டத்தின் காப்பு அவருக்கு இன்றியமையாதது. மருந்து விதிகளில் 1988இல் சேர்க்கப்பட்ட ‘ஒய்’ அட்டவணை மருத்துவ ஆய்வுகளுக்குரிய முதல் விரிவான ஒழுங்கை வகுத்தது. 2007இல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு தொடங்கப்பெற்றது. 2009 முதல் ஆய்வைத் தொடங்குமுன் அதில் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. முடிவு சாதகமாக இல்லையென்றால் ஆய்வையே மறைத்துவிடும் போக்குக்கு இது தடையாகும். ஆய்வில் ஏற்படும் பாதிப்புக்கும் இறப்புக்கும் ஈட்டுத்தொகை வழங்கும் விதிகள் 2013இல் வந்தன. இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து, 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் வெளியிடப்பட்டன.

இவ்விதிகளின்படி ஒவ்வோர் ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் இசைவு வேண்டும். ஏழு பேருக்குக் குறையாத அக்குழுவில் சட்டம் அறிந்தவரும், ஒரு பெண் உறுப்பினரும், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இடம்பெற வேண்டும். பாதிப் பேர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் ஆய்வின் தன்மையும் ஆபத்தும் மாற்று வழிகளும் விளக்கப்பட்டு, அதன்பின் அவருடைய எழுத்துமூலமான ஒப்புதல் பெறப்பட வேண்டும். எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. விலகினாலும் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படலாகாது.

ஒப்பீட்டுப் பிரிவினர் எழுப்பும் கேள்வி

மேலே கூறிய மூன்று கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வுகளும் கடும் கண்டனத்துக்கும் உள்ளாயின. பாப் சோதனை உயிரைக் காக்கும் என்பது பல நாடுகளின் அனுபவத்தால் முன்னரே தெரிந்திருக்க, ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களை எந்தப் பரிசோதனையும் இன்றி ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொண்டிருந்தது சரியா என்று மருத்துவ நெறியாளர் சிலர் கேட்டனர். அப்படியொரு சோதனை உண்டு, வேண்டினால் வேறிடத்தில் செய்துகொள்ளலாம் என்பது அப்பெண்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா என்றும் கேட்டனர். ஆய்வாளர்கள் தந்த விடை வேறு. நாட்டில் அப்போது பரிசோதனைத் திட்டம் எதுவுமில்லை. எனவே அப்பெண்களுக்குக் கிடைக்கக்கூடிய எதுவும் பறிக்கப்படவில்லை. நம் சூழ்நிலையில் இயலும் ஒரு முறையின் பயனை ஐயமற நிறுவினாலன்றி எந்த அரசும் பெருந்திட்டம் தொடங்காது என்பது அவர்கள் வாதம்.

இரு பக்க வாதங்களிலும் வலு உள்ளது. ஆயினும் நிர்வாகத்தில் உள்ளோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆய்வாளர்களின் வாதம் முழுவதும் ஓர் எதிர்பார்ப்பின்மேல் நிற்கிறது. முடிவு தெரிந்தபின் அரசு அதை நடைமுறைப்படுத்தும் என்பதே அந்த எதிர்பார்ப்பு. ஒப்பீட்டுப் பிரிவில் இறந்த பெண்களின் எண்ணிக்கையைக் கொண்டே பரிசோதனையின் பயன் அளக்கப்பட்டது. அந்த அளவீடு பயன்படாமல் கிடக்குமானால், ஆய்வுக்குச் சொல்லப்பட்ட நியாயம் பின்னோக்கித் தளர்ந்துவிடுகிறது.

முடிவிலிருந்து திட்டத்துக்கு

2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூவகைப் புற்றுநோய்களுக்கும் 30 வயதுக்கு மேற்பட்டோரைப் பரிசோதிப்பதற்கான நடைமுறைகளை வெளியிட்டது. கருப்பை வாய்க்கு அமிலச் சோதனையே அதில் பரிந்துரைக்கப்பட்டது. மும்பையிலும் திண்டுக்கல்லிலும் கண்ட முடிவுகள் இவ்வாறு அரசின் கொள்கையில் இடம்பெற்றன. எனினும் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவிகிதமே என்று கண்டது. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அவ்வோராண்டில் இந்நோய்க்குப் பலியான பெண்கள் ஏறத்தாழ 80,000 பேர்.

இடைவெளிக்குக் காரணம் சோதனையின் விலையன்று. அமிலமும் பஞ்சும் விளக்கும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். மும்பை ஆய்வில் அழைக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் சோதனைக்கு வந்தனர். ஐயத்துக்குரியவர்கள் வீடு தேடிச் சென்று அழைக்கப்பட்டனர். மேற்பரிசோதனையும் சிகிச்சையும் செலவின்றிக் கிடைத்தன. அப்படியிருந்தும், மேற்பரிசோதனைக்குச் செல்லாதவர்களும் இருந்தனர். சாதாரணத் திட்டத்தில் இச்சங்கிலியின் கண்ணிகள் இன்னும் எளிதாக அறுபடும். வெண்புள்ளி தெரிந்த ஒரு பெண்ணை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு எழுதப்பட்டதா, அவர் அங்கே சென்றாரா, மருத்துவர் அன்று இருந்தாரா, திரும்பி வந்தபின் எவரேனும் விசாரித்தனரா என்பதே திட்டத்தின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண்ணிக்கையோடு மாதாந்திர அறிக்கை நின்றுவிட்டால், இவை எவையும் தெரியவாரா.

எனவே சில செயல்கள் உடனடியாகக் கவனிக்கத்தக்கவை. சோதனை எண்ணிக்கையோடு, ஐயத்துக்குரியவர்களில் சிகிச்சை முடித்தோர் எண்ணிக்கையும் அறிக்கையில் கேட்கப்பட வேண்டும். பணியாளர் பயிற்சி ஒருமுறையோடு முடியாமல் ஆண்டுதோறும் தொடர வேண்டும். வைரஸ் சோதனைக் கருவிகளை உள்நாட்டில் மலிவாக உற்பத்தி செய்ய ஊக்கம் அளித்தால், உஸ்மானாபாத் முடிவையும் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். காப்புரிமையற்ற மருந்துகள், குறைந்த அளவுகள், எளிய முறைகள் ஆகியவற்றைச் சோதிப்பதற்கென ஆராய்ச்சி நிதியில் ஒரு பகுதி தனியே ஒதுக்கப்படுதல் நலம்.

மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் திண்டுக்கல், உஸ்மானாபாத் கிராமங்களிலும் வாழ்ந்த மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பால் இந்த அறிவு நமக்குக் கிடைத்தது. அவர்களில் பலர் தமக்கென எந்தப் பயனும் பெறவில்லை. அவர்களது மகளிர் இன்று பரிசோதனைக்குரிய வயதை எட்டியிருக்கின்றனர். அவர்களை அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்து வருவதும், தேவைப்படுவோரின் சிகிச்சை முடியும்வரை உடனிருப்பதும், மாவட்ட நிர்வாகத்தின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாக அமைதல் வேண்டும்.